பழைய க்ளப்புக்கு மரியாதை

படுத்துவிட்டான் பார், படுத்தேவிட்டான். கோல்கீப்பர் கிளீட்டஸ் கோல் கோட்டின் மேலேயே இடது காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, தேள் கொட்டியவன் மாதிரி கிடந்தான். பாலாறு யுனைடெட்டின் பிஸியோ பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடி வரவில்லை, பந்தியில் இலை போட்டாச்சா என்று எட்டிப் பார்க்க வருகிறவர் போல ஆற அமர வந்தார். மதியழகன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெனால்டிப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றான். கிளீட்டஸுக்குக் காலில் ஒரு மண்ணும் இல்லை என்று மைதானத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் மதியழகனுக்குத் தெரியும். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஆளுக்கு ஒரு கோல். இந்தப் பந்து உள்ளே போனால் பாலாறு முதல் டிவிஷனுக்குப் போக முடியாது. போகாவிட்டால் இன்றைக்கு ராத்திரி சென்னையில் பட்டாசு வெடிப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த மதியழகனின் நொய்யல் எஃப்.சி.க்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை, பட்டியலில் நடுவில் கிடக்கிற டீம், வந்தோம், ஆடினோம், கட்டுச்சோற்றை அவிழ்த்தோம் என்று போகிற டீம். ஆனால் மதியழகனுக்கு ஆகப்போகிறது. அந்தப் பக்கம் வி.ஐ.பி. நாற்காலிகளில், முதல் வரிசையில், வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாகப் பரசுராமன் உட்கார்ந்திருக்கிறார். பாலாறின் செயலாளர். அவர் பார்க்க வேண்டும். அவர் கண் முன்னால் இந்தப் பந்து வலையில் விழ வேண்டும், போட்டது யார் என்று தெரிந்து அந்த ஆள் வயிறு எரிய வேண்டும். அவ்வளவுதான் வேண்டும், முப்பத்து நாலு வயதில், கடைசி சீசனில், இதற்கு மேல் மதியழகனுக்கு ஃபுட்பாலிடமிருந்து எதுவும் வேண்டாம். பெனால்டி அடிக்கிற ஆளே இல்லை அவன். அடிக்கிறவன் தொடை பிடித்துக்கொண்டு முன்னமே வெளியே போய்விட்டான். பெனால்டிப் பெட்டிக்குள் தள்ளிவிடப்பட்டு விழுந்தவன் கேப்டன் நவநீதன், விழுந்தவனே அடித்தால் பந்து உள்ளே போகாது என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை, படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும். அதனால் முழங்காலில் ஒட்டிய, செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகளைத் தட்டிக்கொண்டே பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "மதிண்ணா, நீங்க அடிச்சுருங்க. பயிற்சியில நீங்கதானுங்ணா ஒண்ணுகூட விடறதில்ல." கொடுத்துவிட்டுச் சும்மா போகக்கூடாதா? இரண்டு அடி போய்த் திரும்பி, "உங்க பழைய க்ளப்புங்ணா. போட்டீங்கன்னா ரொம்ப ஆடிராதீங்க. ஒரு மரியாதைக்கு" என்றான்.

மரியாதை. அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. பழைய க்ளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக்கூடாதாம், இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, மன்னிச்சுக்குங்க, தெரியாம நடந்துபோச்சு என்கிற மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடக்க வேண்டுமாம். எவன் கொண்டுவந்த வழக்கமோ. பத்து வருஷம் ஒரே க்ளப்பில் சோறு தின்றவனுக்கு, தெருவில் சிலை வைக்கப்பட்டவனுக்கு அது சரி. பதினோரு க்ளப் ஆடியவன் என்ன செய்வான்? இந்தியாவில் எந்தப் பக்கம் திரும்பி உதைத்தாலும் அது அவனுடைய பழைய க்ளப்பாகத்தான் இருக்கிறது. நடு மைதானத்தில் நிற்கிறவன், எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஓடுகிறவன், அவனுக்குக் கோல் வருவதே ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம். வந்ததே மூன்று. மூன்றும் பழைய க்ளப்புக்கு எதிராக. கோவாவில் மழையில் தலையால் முட்டியது, கை தூக்கினான். கொல்கத்தாவில் எவன் முதுகிலோ பட்டு உள்ளே போனது, அதற்கும் கை தூக்கினான், அந்தக் க்ளப் அவனை ஆறு மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை, அவன் பெயரைச் சட்டையில் ஒழுங்காக அச்சடிக்கவில்லை, அதற்கும் தூக்கினான். ஐஸ்வாலில் தூரத்திலிருந்து அடித்தானே ஒன்று, கம்பத்தில் பட்டு உள்ளே, மலை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது, ஜென்மத்தில் ஒரு தடவை வரும் அந்த மாதிரி. ஓடத் தொடங்கிய கால் நின்றுவிட்டது, ஐயோ இதுவும் பழைய க்ளப் ஆயிற்றே என்று, கை மேலே போய்விட்டது. வீட்டில் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த மனைவி உஷாராணி அன்றைக்குப் போனில் கேட்டாள். "கோலு போட்டுட்டு ஏன்யா திருடி மாட்டிக்கினவன் மாதிரி கைய தூக்கினே? நான் பக்கத்து வூட்டுக்கெல்லாம் சொல்லி கூட்டியாந்து உக்கார வச்சிருக்கேன்." மரியாதை என்றான். "அவனுங்க உனுக்கு குடுத்தானுங்களா அத?" என்றாள். அவள் கேட்டதில் என்ன தப்பு. உதைத்துத் துரத்தியவன் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் மனசு நோகும்படி நடந்துகொண்டேனா என்று கேட்பதற்குப் பெயர் மரியாதையா? மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட விருந்து மூன்று நாள்தான், அதற்குப் பிறகு அவனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. இன்றைக்குத் தூக்கப் போவதில்லை. இன்றைக்கு நேரே அந்த நாற்காலிகளுக்கு முன்னால் ஓடுவான், ஓடி நின்று, திரும்பி, இரண்டு கட்டை விரலாலும் முதுகில் இருக்கிற பெயரைக் காட்டுவான். மஞ்சள் அட்டை காட்டினால் காட்டட்டும். அட்டை வாங்கித்தானே பிழைத்தான் இவ்வளவு நாள். முன்னால் ஏறிப் போன தடுப்பாட்டக்காரன் திரும்பி வர மாட்டான், எதிராளி ஓடி வருவான், எவனாவது ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி அட்டை வாங்க வேண்டும், அந்த எவனாவது மதியழகன். மறுநாள் பேப்பரில், கோல் விடாத தடுப்பு ஆட்டம் என்று அந்தத் தடுப்பாட்டக்காரனைப் பற்றி எழுதுவார்கள்.

பிஸியோ கிளீட்டஸின் காலை மேலே தூக்கிப் பாதத்தை வளைத்தார். பாலாறு ரசிகர்கள் ஓவென்று ஊளையிட்டார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்ப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம், பாரய்யா, நன்றாகப் பார். யோசிக்காதே. அதுதான் முக்கியம். யோசிக்கவே கூடாது. இந்த வித்தையை மதியழகனுக்குச் சொன்னவனே கிளீட்டஸ்தான். பாலாறில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, வேளச்சேரியில் ஒரு லாட்ஜ் மாதிரி, ஜன்னலைத் திறந்தால் சாக்கடை, மூடினால் கிளீட்டஸின் சாக்ஸ் நாற்றம். குமரிக் கடற்கரைக்காரன், அப்பா வள்ளத்துக்காரர், இவன் கை இரண்டும் துடுப்பு மாதிரி. கட்டிலில் மல்லாந்துகொண்டு பாடம் எடுப்பான். "பெனால்டி குடுத்தா ஒடனே எழும்பப்பிடாது பாத்துக்கோ மக்கா. சோக்கேடு வந்தவன மாதி கெடக்கணும். அடிக்கியவன் அங்க நின்னு யோசிக்கட்டு. யோசிச்சான்னா அவனுக்க கதை தீந்து." எத்தனை பேரை இப்படிக் கவிழ்த்திருக்கிறான். மதியழகனே பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறான், பெனால்டி அடிக்க வந்த பையன்களின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்து. இப்போது தன் கழுத்தில் இறங்குகிறது. வலது பக்கம் தாழ்வாக அடிக்க வேண்டும். அதுதான் அவன் பக்கம். பயிற்சியில் எப்போதும் அங்கேதான். ஆனால் அது கிளீட்டஸுக்குத் தெரியுமே, ஒரு சீசன் முழுக்க அவனுக்குத்தானே அடித்துப் பழகினான். அப்போ இடது. இடது என்று இவன் மாற்றுவான் என்று அவன் நினைப்பான். அப்போ வலது. இப்படி நினைப்பேன் என்றும் நினைப்பான், எமகாதகன். பார், யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே இருக்கிறேன், வித்தை வேலை செய்கிறது, தெரிந்தே தலையைக் கொடுத்தாயிற்று. டேய் கிளீட்டஸ், எய்ந்திருடா. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுதான் என் தலைவலி. முழங்கால் போய்க் கிடந்தபோது அந்த க்ளப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரே ஆள் நீதான். தூக்குவாளியில் நெய்மீன் குழம்பு, தேங்காய் அரைத்து, ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்டது, டிரெயினில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன் என்றான். நர்ஸ் வாசனை தாங்காமல் திட்டினாள். பாலாறின் கோலுக்குள் பந்தைப் போட வேண்டுமென்றால் அந்தக் குழம்பு கொண்டுவந்த கையைத் தாண்டித்தான் போட வேண்டியிருக்கிறது. பரசுராமன் கோலில் நிற்பதில்லையே, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எப்போதும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பரசுராமன். பக்கத்தில் இருக்கிறவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார் பார், இந்த நேரத்திலும். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்தார். கப் அரையிறுதி. முழங்கால் இளநீர்க் காய் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் வேண்டாம் என்றார், வாயைத் திறந்து வேண்டாம் என்றுதான் சொன்னார் மனுஷன். பரசுராமன் தோளில் கையைப் போட்டார். சந்தன வாசனை. "நீ நம்ம பையன் மதி. நம்ம ஊரு பையன். வெளியூர்க்காரன் விட்டுட்டு ஓடலாம், நீ ஓடலாமா? ஒரே ஒரு ஊசி. உன்னை நான் பாத்துக்கறேன்." நம்ம பையன். புளியந்தோப்பில் பிறந்து, குப்பை லாரி நிற்கிற கிரவுண்டில் செருப்பைக் கோலாக வைத்து ஆடி, ஊர் ஊராக வாடகை வீடு மாதிரி க்ளப் மாற்றியவனை எவனாவது நம்ம பையன் என்று சொன்னதுண்டா? கோவாவில் மதராஸி, கொல்கத்தாவில் மதராஸி, மலப்புறத்தில் பாண்டி. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏஜெண்ட் போன் வரும், பெட்டியைக் கட்டு என்பான். மகள் யாழினி நாலு வயதில் கேட்ட கேள்வி, "இந்த வருசம் இன்னா கலருப்பா?" சட்டையின் கலர். அப்பா எந்த ஊர் என்று கேட்கவில்லை, கலர் கேட்டாள். அப்படிப்பட்டவனிடம் ஒருத்தர் வந்து தோளில் கை வைத்து நம்ம பையன் என்றால்? உருகிவிட்டான். நெய்யாக உருகிவிட்டான் முட்டாள். அவனே உட்கார்ந்து காலை நீட்டினான். ஊசி இறங்கியது, வலி போயிற்று, காலே போன மாதிரி லேசாக இருந்தது, அப்படி ஓடினான், சிங்கம் மாதிரி ஓடினான், இரண்டாம் பாதியில் யாரும் தொடாமலேயே திரும்பினான், உள்ளே எதுவோ பட்டென்று அறுந்தது. அந்தச் சத்தம். இன்றைக்கும் வீட்டில் யாராவது முருங்கைக்காயை ஒடித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது பாத்துக்கறேன் என்றவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், ஒரு போன்? போன் வந்தது, கிளீட்டஸின் போன், அவன்தான் குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்லாமல் சொல்லாமல் இழுத்துக் கடைசியில் போனைத் திறந்து காட்டினான். புது டீம் போட்டோ. ஆறாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பொடியன் நிற்கிறான், மணிப்பூர்ப் பையன், பல் தெரியச் சிரிக்கிறான். மதியழகனின் நம்பர். ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான், நம்பர் போட்டோவில் நிற்கிறது. அந்தப் பையன்மேல் கோபப்பட முடியுமா? அவனிடமும் நம்ம பையன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நடுவில் ஒருத்தரும் ஒரு வார்த்தை, மதி, உன்னை நீக்கிவிட்டோம், போய் வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்காரியை நிறுத்தினால்கூடச் சொல்லித்தான் நிறுத்துகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷமாகப் பரசுராமனோடு பேசிக்கொண்டே இருக்கிறான், குளிக்கும்போது, ரயிலில், முழங்காலுக்கு ஐஸ் வைக்கும்போது. ஒவ்வொரு தடவையும் மதியழகன்தான் ஜெயிக்கிறான். ஒவ்வொரு தடவையும் பரசுராமன் தலை குனிகிறார். உஷாராணி கதவைத் தட்டி, "உள்ள யாரு கூடயா சண்ட போட்டுகினு கீறே?" என்பாள்.

கிளீட்டஸ் எழுந்தான். ஒரு வழியாக. காலை உதறி, நொண்டி, வலையில் தொங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்து, வாயில் மிச்சத்தைத் துப்பி, கோல் கம்பத்தை ஒரு தட்டு தட்டினான். பிறகு கையுறையைச் சரிசெய்துகொண்டே பந்து வைக்கிற இடம் வரை நடந்து வந்தான். வரக்கூடாது, நடுவர் விசில் ஊதிப் போகச் சொன்னார், இவன் காதில் விழாதவன் மாதிரி வந்தான்.

"லேய் மக்கா. உனக்க முட்டு இப்பம் கொள்ளாமா?" முழங்காலைக் காட்டிக் கேட்டான்.

"போய் கோட்டுல நில்லுடா. நடிச்சது போதும்."

"வலத்தோட்டுதானே அடிப்ப?"

"ஆமா. அங்கதான் அடிப்பேன். போய் வுய்ந்து புடி."

கிளீட்டஸ் சிரித்தான். சிரித்துவிட்டு, திரும்பாமல், கையால் வாயை மறைத்துக்கொண்டு, இவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னும் நீ அந்தாளயே பாத்துட்டு நிக்கிய. பந்தப் பாருல" என்றான். கோட்டுக்குப் போய்விட்டான். இது வித்தையில் ஒரு பாகமா, நிஜமாகச் சொன்னானா? வித்தையாகத்தான் இருக்கும். இல்லை, நிஜம். நாசமாய்ப் போகிறவன், இரண்டில் எதுவாக இருந்தாலும் இவனுக்குத்தான் லாபம். மதியழகன் பந்தை வைத்தான். காற்றடிக்கிற வாய் மேலே பார்க்கிற மாதிரி வைத்தான், எடுத்து மறுபடி வைத்தான். ரப்பர் துகள் கொதிக்கிற வாசனை, டயர் எரிகிற வாசனை. பின்னால் நடந்தான். முழங்காலுக்குள் பழைய நண்டு ஒரு தடவை கவ்வியது. போகாவிட்டால்? கம்பத்துக்கு மேலே போய்விட்டால் பரசுராமன் எழுந்து நின்று கை தட்டுவார். பார்த்தீர்களா, நல்ல வேளை நாம் இவனை அப்போதே கழற்றிவிட்டோம் என்பார். அதை நினைத்ததும் பயம் போய் வயிற்றிலிருந்து சூடாக ஒன்று ஏறியது, அது கழுத்தைத் தாண்டிக் காது வரை ஏறியது, அதோடு யோசனை அறுந்தது, விசில் கேட்டதா கேட்கவில்லையா தெரியாது, ஓடினான்.

நடுவில் அடித்தான். வலதும் இல்லை இடதும் இல்லை, நட்ட நடுவில், முகத்தில் அறைகிற மாதிரி. கிளீட்டஸ் வலப்பக்கம் விழுந்துவிட்டிருந்தான், கால் மட்டும் நடுவில் கிடந்தது, அந்தக் காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பந்து போய் வலையின் முதுகைக் கிழிப்பது போல அறைந்தது. மைதானம் செத்துப்போயிற்று. பட்டாசு வாங்கி வைத்தவர்கள் எல்லாம் வாயை மூடினார்கள். போய்விட்டது, உள்ளே போய்விட்டது, பாலாறு எங்கேயும் போகவில்லை, ஓடு, அந்தப் பக்கம் ஓடு, நாற்காலிகள் பக்கம். கால் இரண்டு அடி ஓடியது. அப்போது பார்த்தான், தன் கைகள் மேலே இருந்தன. மார்புக்கு நேராக, உள்ளங்கை வெளியே பார்க்க, இரண்டும். யார் தூக்கச் சொன்னது? அவன் தூக்கவில்லை. அதுவாகப் போய்விட்டது, கோவிலைக் கடக்கும்போது பஸ்ஸில் இருக்கிறவன் கை கன்னத்துக்குப் போகிற மாதிரி, எத்தனை வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமல் போய்விட்டது. இறக்குடா. இறக்கித் தொலைடா. இறக்குவதற்குள் நவநீதன் மேலே பாய்ந்து கட்டிக்கொண்டான், இன்னும் நாலு பேர் வந்து விழுந்தார்கள், எல்லோருக்கும் அடியில் மூச்சு முட்டிக்கொண்டு மதியழகன் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினான். சந்தோஷத்தில் திட்டுகிறான் என்று அவர்கள் முதுகில் தட்டினார்கள். "சூப்பருங்ணா, சூப்பரு. மரியாதையா கை தூக்கினீங்க பாருங்க, அதுதானுங்ணா பெரிய மனுசத்தனம்." நவநீதனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. ஒரு கோல், ஒரே ஒரு கோல், மதியழகனே அதையும் மன்னிப்பாக மாற்றிப் பரசுராமன் கையில் கொடுத்துவிட்டான். தனக்குத் தானே செய்துகொண்டான், வேறு ஒருவனும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு என்ன ஆடினார்கள் என்று அவனுக்கு நினைவில்லை. நடுவர் ஊதினார். பாலாறு பையன்கள் புல்லில் உட்கார்ந்து அழுதார்கள். கிளீட்டஸ் வந்து தலையோடு தலை முட்டி, பக்கத்தில் நின்றான். மூச்சில் அதே பழைய ஏலக்காய் மிட்டாய் வாசனை. மைதான வழக்கப்படி கடைசி ஆட்டத்தில் வீட்டுக்கார க்ளப்பின் பெரியவர்கள் இறங்கி வந்து எதிர் டீமுக்குக் கை கொடுக்க வேண்டும். இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை முன்னால் வந்தது. வரிசையாக ஒவ்வொருவனிடமும் ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு. தோற்ற மனுஷன் மாதிரி இல்லை, தலைமுடி வெளுத்திருந்தது, சந்தன வாசனை அப்படியே இருந்தது. வருகிறார். இப்போது தெரியும். இப்போது முகம் மாறும், ஒரு கணம் கண் தாழும், அது போதும், கை தூக்கிய பாவம்கூடத் தீர்ந்துபோகும். ஆறு வருஷமாகச் சேர்த்த வார்த்தை எல்லாம் நாக்கு நுனியில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

பரசுராமன் அவன் கையைப் பிடித்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "நல்ல தைரியம் தம்பி. நடுவுல அடிக்கறதுக்கு ஒரு நெஞ்சு வேணும். எந்த ஊரு நீ?"

மதியழகனின் வாய் அதுவாகத் திறந்து, "புளியந்தோப்பு சார்" என்றது.

"அட, இங்கயேவா! பாத்தீங்களா சார்" என்று பரசுராமன் பின்னால் வந்தவரிடம் திரும்பிச் சொன்னார், "இவ்ளோ பக்கத்துல இருந்துக்கிட்டு நம்ம கண்ணுல படாமப் போயிட்டான். நம்ம பையன் சார் இவன்." இன்னொரு கையால் தோளில் தட்டிவிட்டு, அடுத்து நின்ற நவநீதன் பக்கம் நகரப் பார்த்தார். நகர முடியவில்லை. மதியழகன் கையை விடவில்லை.

"என் பேரு இன்னா சார்?"

"என்னப்பா?"

"என் பேரு. சொல்லு சார்."

பரசுராமன் சிரித்தார். கையை லேசாக இழுத்துப் பார்த்தார். மதியழகனின் சட்டை முன்பக்கத்தில் தேடினார், அங்கே விளம்பரம் மட்டும்தான் இருந்தது. பின்னால் வந்தவரைப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. கேமராக்காரர்கள் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். "விடுல மக்கா" என்றான் கிளீட்டஸ், மெதுவாக. வேண்டாமுங்ணா என்று நவநீதனும் ஏதோ சொன்னான். பெயர் முதுகில் பெரிய எழுத்தில் இருந்தது, கொஞ்சம் திரும்பினால் போதும், அவர் படித்துவிடுவார். மதியழகன் திரும்பவில்லை. கையையும் விடவில்லை.